பூங்காவில் கூடு கட்டும் வல்லூறைப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையோ மதுரையோ கோவையோ, பெரிய மரங்கள் மிச்சமிருக்கும் பூங்கா எதிலும் வல்லூறு என்ற சிறிய வேட்டைப் பறவை கூடு கட்ட வாய்ப்பு உண்டு. காலை நடைக்கு வருபவர்கள் ஒரு பருவம் முழுக்க அந்தக் கூட்டின் அடியிலேயே நடந்து போவார்கள்; மேலே நடப்பது தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களோ முதல் நாளே மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக் கூட்டைத் தேடத் தொடங்குகிறார்கள். புதிதாக வருபவர்களிடம் நான் மீண்டும் மீண்டும் காணும் தவறு இதுதான்.

இந்த வழிகாட்டியின் வரிசை வேறு. முதலில் பறவை, அடுத்து அதன் குரல், அடுத்து இரை கொண்டுவரும் ஆண், கடைசியில்தான் கூடு. இப்படிப் போனால் கூடு இருக்கும் இடத்தைப் பறவைகளே காட்டிவிடும். வரிசையை மாற்றினால் பெரும்பாலும் காக்கைக் கூட்டைத்தான் கண்டுபிடிப்பீர்கள். வல்லூறின் கூடே கிடைத்தாலும், அதைக் காக்கைகளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வரும் ஆபத்து இருக்கிறது.

நான் பார்த்துவரும் பூங்காக்களின் பெயரை எங்கும் எழுதவில்லை. அதற்கான காரணம் 9ஆம் பகுதியில் இருக்கிறது.

1. போவதற்கு முன் தேவையானவை

பைனாகுலர் ஒன்று வேண்டும். 8×42 அளவு போதும். இந்த வேலைக்கு அதுவே நல்லது. 10 மடங்கு பெரிதாக்கும் கருவியில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும். இலைகளுக்கு நடுவே பறவை எங்கே போய் உட்கார்ந்தது என்று தேடும்போது அகலமான பரப்புதான் கைகொடுக்கும். 42 மி.மீ. வில்லை விடிகாலை மங்கலிலும் போதிய வெளிச்சம் தரும்.

சட்டைப் பைக்குள் அடங்கும் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் குறித்தால் குனிந்து திரையைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆண் பறவை வந்து போக அந்தச் சில நொடிகளே போதும். நோட்டில், கண்ணை மரத்திலேயே வைத்துக்கொண்டு கிறுக்கலாம்.

பளிச்சென்ற நிறமில்லாத உடை, தொப்பி, தண்ணீர் ஆகியவை உங்களுக்கே தெரிந்தவை.

கருவிகளைவிட முக்கியமானது நேரம். கூடு கட்டத் தொடங்குவதிலிருந்து குஞ்சுகள் தாமாக வேட்டையாடும் வரை ஏறத்தாழ மூன்று மாதம் ஓடிவிடும். அத்தனை நாளும் போகவேண்டியதில்லை. ஆனால் வாரத்தில் சில நாட்களாவது ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நிற்க முடியவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் நிற்பதைவிட, நான்கு காலைகளில் முக்கால் மணி நேரம் நிற்பவருக்கு அதிகம் புரியும். பறவையின் நாளில் ஒரு ஒழுங்கு இருக்கிறது; திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்குத்தான் அது பிடிபடும்.

பெரிய லென்ஸ் கேமராவை முதல் சில வாரங்களுக்கு வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கேமரா கையில் இருந்தால் கால் தானாக மரத்தடிக்குப் போகும். இன்னும் எதுவும் புரியாத கட்டத்தில் அது செய்யும் கெடுதல் அதிகம்.

ஒரு சட்ட விவரமும் தெரிந்திருக்கவேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கான வரையறை துப்பாக்கியோடும் பொறியோடும் நிற்பதில்லை. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதற்குள் அடங்கும். மரமேறிப் பார்ப்பது, கோலால் கிளையை விலக்குவது, டிரோன் அனுப்புவது எதுவுமே 'சும்மா ஒரு பார்வை' ஆகாது.

2. பறவையை அடையாளம் காணப் பழகுங்கள்

வல்லூறு கிட்டத்தட்ட புறா அளவுதான். நீளம் 26 முதல் 30 செ.மீ. வரை. நகரத்தின் மேல் வட்டமடித்துக்கொண்டிருக்கும் கரும்பருந்தில் ஏறத்தாழ பாதி. பெரிய பறவையை எதிர்பார்த்துக்கொண்டு போகிறவர் கண்ணெதிரே கிளையில் இருக்கும் வல்லூறைப் பார்க்காமலே வந்துவிடுவார். கைபேசிச் செயலிகளிலும் கையேடுகளிலும் 'சிக்ரா' என்ற பெயரில் தேடுங்கள். வல்லூறு என்ற பெயரை வேறு சில பறவைகளுக்கும் வழங்குகிறார்கள்.

முதிர்ந்த பறவைக்கு முதுகு சாம்பல் நீலமாக இருக்கும். வெளிறிய நெஞ்சில் செம்பழுப்பு நிறத்தில் நெருக்கமான குறுக்குக் கோடுகள் ஓடும். தொண்டையின் நடுவே மெல்லிய நெடுங்கோடு ஒன்று உண்டு. இளம் பறவைக்கு முதுகு பழுப்பு; நெஞ்சில் இருப்பவை குறுக்குக் கோடுகள் அல்ல, மேலிருந்து கீழாக வழிந்ததுபோன்ற கீற்றுகள்.

ஆண், பெண் வேறுபாட்டை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பகுதிகள் எல்லாம் இதை நம்பியே இருக்கின்றன. வல்லூறில் பெண்தான் பெரியது. ஆணின் கண் நல்ல சிவப்பு. பெண்ணின் கண் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்தது. பெண்ணின் முதுகில் கொஞ்சம் பழுப்புச் சாயல் இருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் நாளில் இது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

அதிகம் பேரை ஏமாற்றுவது அக்காக்குயில். நிறம், நெஞ்சுக் கோடு, வால் பட்டை, சிறகடித்துச் சறுக்கும் பறப்பு எல்லாமே வல்லூறைப் போலவே இருக்கும். சின்னப் பறவைகளே அதைக் கண்டு பதறும். அலகைப் பாருங்கள். வல்லூறின் அலகு வளைந்த கொக்கி, குயிலின் அலகு நீட்டமானது. அடுத்து கால்: வல்லூறுக்கு நீண்டு மெலிந்த மஞ்சள் காலும் கூரிய நகமும் தெரியும், குயிலின் கால் குட்டையானது, வயிற்று இறகுக்குள் மறைந்தே இருக்கும்.

கூடு தேடுவதற்கு முன் இந்த வேறுபாடுகள் தயங்காமல் வரும் அளவுக்குப் பழகிவிடுங்கள். அக்காக்குயில் கூடு கட்டுவதில்லை. தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் பின்னால் ஒரு மாதம் அலைந்தவர்கள் உண்டு.

3. எந்த மாதம், எந்த நேரம்

இந்தியாவில் மார்ச் முதல் ஜூன் வரை கூடு கட்டும் காலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தெற்கே அதற்கு முன்பும் தொடங்கலாம். ஆகவே ஜனவரி நடுவிலிருந்தே காது கொடுக்கத் தொடங்குங்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்கு எப்படியும் போகிறவர்கள், அதே நடையில் வல்லூறின் குரலையும் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

காலை 6 முதல் 8.30 வரை நல்ல நேரம். விடிந்ததும் வேட்டை தொடங்கும், முதல் இரை அப்போதுதான் வரும். மாலை 4.30க்கு மேல் இன்னொரு சுற்று கிடைக்கும். நடுப்பகலில் பறவை அசையாமல் இருக்கும், நீங்களும் வெயிலில் வாடுவீர்கள். மே மாதத்து அக்னி நட்சத்திர நாட்களில் நடுப்பகலில் கூட்டுப் பக்கமே போகாமல் இருப்பதற்கு வேறொரு வலுவான காரணமும் உண்டு; 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

4. காதால் தேடுங்கள்

பூங்காவை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வாருங்கள். மேலே பார்க்கவேண்டாம், காதை மட்டும் திறந்து வையுங்கள். வல்லூறின் வழக்கமான குரல் இரண்டு அசை: 'கி-கீய்', 'கி-கீய்' என்று கூர்மையாக, சில நொடி இடைவெளிவிட்டு வரும். இணை சேரும் காலத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கூப்பிடும்.

ஒரே ஒரு முறை கேட்டதை வைத்து முடிவுகட்டாதீர்கள். கரிச்சான் இந்தக் குரலை அச்சு அசலாக எடுத்துவிடும். மைனாக்களை மிரட்டிப் பறக்கவைத்து அவை விட்டுப்போன இரையை எடுத்துக்கொள்ள, அது வல்லூறுபோலக் கத்துவதுண்டு. குரல் வந்த திசையில் இரட்டைவால் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

வல்லூறு கத்தாத நேரத்திலும் அது இருப்பதைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அணில் ஒன்று தண்டோடு ஒட்டிக்கொண்டு வாலை உதறி விடாமல் கத்துகிறதா? தவிட்டுக்குருவிகள் கூட்டமாக ஒரே புதரைப் பார்த்துக் கூச்சலிடுகின்றனவா? மைனாக்கள் சட்டென்று அடங்கிவிட்டனவா? நின்று, அவை பார்க்கும் திசையைப் பாருங்கள். தரையிலிருக்கும் பூனைக்கோ பாம்புக்கோ பார்வை கீழே போகும். வல்லூறு என்றால் கிளைமட்டத்துக்குப் போகும்.

ஒவ்வொரு நாளும் குரல் கேட்ட இடத்தைப் பூங்காவின் கைவரைபடத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். நடைபாதை, குளம், கழிப்பறை, பெரிய மரங்கள் தெரிகிறமாதிரி வரைந்தால் போதும். இரண்டு வாரத்தில் புள்ளிகள் ஒரு மூலையில் குவியத் தொடங்கும். குவியவில்லை என்றால் அது வேட்டைக்கு மட்டும் வந்துபோகும் பறவையாக இருக்கலாம். அந்தப் பூங்காவை விட்டு அடுத்ததைப் பாருங்கள். இந்த இரண்டு வாரத்தைத் தாண்டிக் குதிக்க நினைப்பவர்கள்தான் பின்னால் மாதக்கணக்கில் வீணாக அலைகிறார்கள்.

5. ஆணைத் தொடருங்கள்

இதுதான் முழு வேலையின் மையம். பெண் முட்டையிட நெருங்கியதிலிருந்து குஞ்சுகள் ஓரளவு வளரும்வரை வேட்டை பெரும்பாலும் ஆணின் பொறுப்பு. தனக்கும் இணைக்கும் பிறகு குஞ்சுகளுக்கும் அதுதான் கொண்டுவரவேண்டும். பெண் கூட்டை ஒட்டியே இருக்கும். ஆகவே இரையோடு பறக்கும் ஆண் எப்போதும் கூடு இருக்கும் திசையில்தான் போகிறது.

புள்ளிகள் குவிந்த மூலையிலிருந்து தள்ளி, மரங்களின் இடைவெளி நன்றாகத் தெரியும் ஓரிடத்தில் உட்காருங்கள். பூங்கா பெஞ்சு இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. தாழ்வாக, விரைவாக, சில சிறகடிப்பும் ஒரு சறுக்கலுமாக வந்து, கிளையை நெருங்கியதும் மேல்நோக்கி எழும்பி உட்காரும் பறவையைத் தேடுங்கள். காலில் ஏதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். நகரப் பூங்காக்களில் ஓணான்தான் அடிக்கடி தெரியும். அதன் நீண்ட வால் பறக்கும்போது பின்னால் இழுபடும். அணில் குட்டி, சிட்டு, எலி, பெரிய பூச்சிகளும் உண்டு.

ஆண் நேராகக் கூட்டுக்குப் போகாது. வழக்கமாக உட்காரும் ஒரு கிளைக்கு முதலில் போகும். இலையில்லாத, தடித்த, கிடைமட்டமான கிளையாக அது பெரும்பாலும் இருக்கும். இரை பறவை என்றால் அங்கேதான் இறகு பிடுங்கும். காற்றில்லாத காலையில் பஞ்சுபோன்ற வயிற்று இறகுகள் ஒவ்வொன்றாக மிதந்து இறங்குவதைக் காணலாம். அந்தக் கிளைக்கு நேர் கீழே தரையில் இறகுக் குவியல், ஓணான் வால், வெள்ளை எச்சத் தெறிப்பு ஆகியவை சேர்ந்திருக்கும். இப்படி ஒரு கிளையைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த சில வாரங்களுக்கு உங்கள் கண் இருக்கவேண்டிய இடம் அதுதான்.

இரையை ஓரளவு தயார்செய்ததும் ஆண் கூப்பிடும். பெண் பதில் கொடுத்தபடியே எங்கிருந்தோ பறந்து வந்து, பக்கத்தில் இறங்கி, இரையை வாங்கிக்கொள்ளும். மொத்தமும் சில நொடிகளில் நடந்து முடியும். ஆண் அநேகமாக உடனே விலகிப் போய்விடும்.

புதியவர்கள் இந்த நேரத்தில் ஆணின் பின்னால் பைனாகுலரைத் திருப்பிவிடுகிறார்கள். கூடாது. இரை கைமாறியதும் கண் பெண்ணுக்கு மாறவேண்டும். பெண் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்தப் பக்கம் திரும்பியது என்ற இரண்டும்தான் நமக்கு வேண்டிய தகவல். முட்டையிடுவதற்கு முன்பு என்றால் பெண் அங்கேயே உட்கார்ந்து தின்னும். முட்டையிட்ட பிறகு தின்றுவிட்டுக் கூட்டுக்குப் போகும். குஞ்சு பொரித்த பிறகு இரையை அப்படியே கூட்டுக்கு எடுத்துப்போகும். ஒரு கைமாற்றத்தைச் சரியாகப் பார்த்தால், கூட்டையே பார்க்காமல் கூட்டின் நிலையைச் சொல்லிவிடலாம்.

நோட்டில் இப்படி எழுதுங்கள்: '6.42. ஆண் தெற்கிலிருந்து, ஓணானோடு. மொட்டைக் கிளை. இரண்டு முறை குரல். 6.43. பெண் வடகிழக்கிலிருந்து வந்து வாங்கியது. இரையோடு வடகிழக்கே போனது.' நேரம், யார், என்ன, எங்கிருந்து, எங்கே. இந்த ஐந்தும் இருந்தால் போதும். 'அழகான காட்சி' என்று எழுதிய பக்கம் பிறகு ஒன்றுக்கும் உதவாது.

6. கூட்டை உறுதிசெய்தல்

வேறுவேறு நாட்களில் பெண் போன திசைகளைக் கைவரைபடத்தில் கோடாக இழுங்கள். கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒன்றிரண்டு மரங்கள்தான் இருக்கும். தூங்குமூஞ்சி, வேம்பு, மா போன்ற அடர்ந்த மரமாக இருந்தால் கிளைகள் பிரியும் கவட்டையைப் பாருங்கள், உச்சியை அல்ல. வல்லூறு இலைக் கூரைக்குக் கீழே, மறைவாகக் கட்டும்.

கூடு காக்கைக் கூட்டைப் போலவே சுள்ளிகளாலான தட்டு. இரண்டுமே கம்பித் துண்டுகளையும் சேர்க்கும் என்பதால் பொருளை வைத்துப் பிரிக்க முடியாது. கந்தலும் பிளாஸ்டிக்கும் தொங்கும் பெரிய கூடு கரும்பருந்தினுடையதாக இருக்கலாம். யாருடைய கூடு என்பதற்கு ஒரே சான்று, யார் வந்து உட்காருகிறார்கள் என்பதுதான். அதுவரை நோட்டில் 'கூடு?' என்று கேள்விக்குறியோடுதான் எழுதவேண்டும்.

உறுதியானதும் அந்த மரத்தடியை உங்களுக்கு மூடிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இனி அங்கே போகத் தேவையில்லை.

7. நிற்கும் இடம்

பூங்காவில் தினமும் நூற்றுக்கணக்கானோர் அந்த மரத்தடியில் நடக்கிறார்கள். நாம் போனால் மட்டும் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நகரத்து வல்லூறு நடந்துபோகும் மனிதர்களுக்குப் பழகிவிட்டது. அது கவனிப்பது நிற்கும் மனிதரை. அதுவும் நின்று, முகத்தைத் தூக்கி, கூட்டையே பார்க்கும் மனிதரை. வல்லூறின் கண்ணுக்கு அது பகையின் அடையாளம்.

காக்கைகளும் அதைக் கவனிக்கும். மனிதர் ஒருவர் ஒரே கவட்டையைக் குறிவைத்துப் பார்த்தால் காக்கைகள் வந்து எட்டிப்பார்க்கத் தொடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெண் மிரண்டு எழுந்துவிட்டால் முட்டையைத் தூக்க ஒரு காக்கைக்கு அரை நிமிடம் போதும்.

ஆகவே கூட்டிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பெரிய எட்டாக நாற்பது எட்டு. மக்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சு, திண்ணை போன்ற இடமாக இருந்தால் நல்லது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பறவையின் நிறம் தெரியும், பைனாகுலர் தவறியும் சூரியனுக்குத் திரும்பாது. கூட்டையும் இரை கைமாறும் கிளையையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடியாவிட்டால் கிளையைத் தேர்ந்தெடுங்கள். நடப்பதெல்லாம் அங்கேதான்.

தூரம் போதுமா என்பதைப் பறவையே சொல்லும். பெண் கூட்டிலிருந்து தலை தூக்கி உங்களையே பார்த்தால் பின்வாங்குங்கள். 'கிக்-கிக்-கிக்' என்று இடைவிடாமல் கத்தினாலோ, இரையோடு வந்த ஆண் இறங்காமல் சுற்றி உட்கார்ந்தாலோ, அன்றைக்குப் பார்ப்பதை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தலைமேல் பாய்ந்து வரும்வரை காத்திருப்பது பறவைக்குச் செய்யும் கொடுமை.

பதிவுசெய்த குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதை எந்தக் கட்டத்திலும் செய்யாதீர்கள். இன்னொரு வல்லூறு எல்லைக்குள் நுழைந்துவிட்டது என்று நம்பி ஆண் வேட்டையை விட்டு அலையும். அந்த நேரத்துக்கான உணவு கூட்டுக்கு வராமல் போகும்.

8. ஒவ்வொரு கட்டத்திலும் எதைப் பார்ப்பது

கட்டும் காலம்: இரண்டும் சுள்ளி கொண்டுவரும், காலில் பிடித்துக்கொண்டு. குரல் அதிகம், இணை சேர்தல் அடிக்கடி நடக்கும். எளிதாகப் பார்க்க முடிகிற காலமும் இதுதான், எளிதாகக் கெடுக்க முடிகிற காலமும் இதுதான். முட்டையிடாத கூட்டைக் கைவிட்டுப்போகப் பறவை அதிகம் யோசிக்காது. மற்ற எல்லாக் காலத்தையும்விட இப்போது தள்ளி நிற்கவேண்டும்.

அடைகாக்கும் காலம்: திடீரென்று பூங்கா அமைதியாகிவிடும். 'கைவிட்டுப் போய்விட்டது' என்று பலரும் வருவதை நிறுத்திக்கொள்வது இப்போதுதான். மரத்தடிக்குப் போய்க் கைதட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. மிகப் பெரிய தவறு. பெண் கூட்டில்தான் இருக்கிறது. பைனாகுலரில் பொறுமையாகப் பார்த்தால் கூட்டின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் வால் நுனி, அதில் கறுப்புப் பட்டைகள், தெரியும். பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டைகள் இருக்கும். அவற்றை எண்ண நமக்கு எந்தத் தேவையும் இல்லை. சில வாரங்களுக்குக் காலையில் ஓர் இரை கைமாற்றத்தைப் பார்த்தாலே போதும்.

குஞ்சு பொரித்த காலம்: பெண் இரையோடு கூட்டுக்குப் போகத் தொடங்கியது முதல் அடையாளம். கூட்டில் நின்றபடி தலையைக் குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து ஊட்டுவது இரண்டாவது. நகத்தடியில் இரையை அழுத்திப் பிடித்து, நகக்கண் அளவு துணுக்காகக் கிழித்து நீட்டும். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் பின்புறத்தை விளிம்புக்கு வெளியே திருப்பி எச்சமிடும். கீழே இலைகளில் வெள்ளைத் தெறிப்பு நாளுக்கு நாள் கூடும். நடைபாதையிலிருந்தே இதைப் பார்த்துக் குஞ்சுகள் வளர்வதை அறியலாம்.

மே வெயிலில் பெண் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு வாய் திறந்து இளைத்தபடி நிற்கும். அந்தச் சிறகுக்குக் கீழேதான் குஞ்சின் உயிர் இருக்கிறது. நடுப்பகலில் நீங்கள் நெருங்கி அது விலகினால், வெள்ளைத் தூவி மட்டுமே போர்த்திய குஞ்சு வெயிலில் சுருண்டுவிடும். நடுப்பகலில் போகவேண்டாம் என்றதற்கான காரணம் இதுதான். கோடை மழை அடிக்கும் மாலைக்கும் இதே விதி: பெண் குஞ்சுகளை மூடி உட்கார்ந்திருக்கிறது, எழுப்பாதீர்கள்.

கிளைக்கு வரும் காலம்: பொரித்து ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்போது குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பக்கத்துக் கிளைக்கு நடந்து வரும், குதிக்கும், சிறகடித்துப் பார்க்கும். பிறகு பறக்கும். பறந்த பின்பும் சில வாரங்கள் அதே மரங்களிலேயே இருந்துகொண்டு, பெற்றோரைக் கண்டதும் விடாமல் கத்தும். என்னைக் கேட்டால், புதியவர்கள் முதன்முதலில் வல்லூறைப் பார்க்கத் தொடங்கவேண்டிய காலம் இதுதான். நெஞ்சில் கீற்றுகளோடு இளம் பறவைகள் வெளிப்படையாக உட்காரும், ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்று பிடுங்கும், வெட்டுக்கிளியைத் துரத்தித் தவறவிடும். எத்தனை குஞ்சு பிழைத்தது என்று எண்ணவேண்டியதும் இப்போதுதான்.

9. படம், பதிவு, பகிர்வு

கூட்டைப் படமெடுக்காதீர்கள். இரை கைமாறும் கிளையிலும் வேட்டையிலும் எடுக்கலாம். பறந்த பிறகு இளம் பறவைகளைத் தாராளமாக எடுக்கலாம். பிளாஷ் எப்போதும் கூடாது. பார்வைக்கு இடைஞ்சல் என்று ஒரு கிளையை வளைத்துக் கட்டுவதும் கூடாது. அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல், காக்கையிடமிருந்து மறைப்பு.

கூடு இருக்கும் பூங்காவின் பெயரை வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ அந்தப் பருவத்தில் போடாதீர்கள். ஒருவர் போட்டால் அடுத்த ஞாயிறு பத்து லென்ஸ்கள் அந்த மரத்தடியில் நிற்கும். ஒவ்வொருவரும் சில நிமிடம்தான் நின்றிருப்பார்கள், கூட்டுக்கோ காலை முழுவதும் போயிருக்கும். இந்தக் கட்டுரையில் பூங்காவின் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுவே. ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவிடுபவர்கள் பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைக்கலாம், அல்லது குஞ்சுகள் பறந்த பிறகு பதிவேற்றலாம். இரை சுமந்து போவது, இளம் பறவைகள் போன்றவற்றுக்கான இனப்பெருக்கக் குறியீடுகளை மறக்காமல் கொடுங்கள். மரம் எது என்பதை மட்டும் குறிப்பில் எழுதவேண்டாம்.

பூங்காவின் தோட்டக்காரர்களுக்கும் காவலாளிக்கும் மட்டும் சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்கு முன்பே அறிந்திருக்கவும் கூடும். 'ஐயா, அந்த மரத்துல வல்லூறு அடைகாக்குது' என்று ஒருமுறை பைனாகுலரைக் கையில் கொடுத்துக் காட்டினால், நீங்கள் இல்லாத நேரத்திலும் கல்லெறியும் பையன்களைத் தடுக்க ஆள் இருக்கும்.

10. குஞ்சு தரையில் கிடந்தால்

உடனே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடாதீர்கள். இறகு முளைத்து, நிற்கவும் குதிக்கவும் முடிகிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது; பெற்றோர் மேலேயே இருக்கும். நாயும் பூனையும் வராமல் தள்ளி நின்று காவல் இருங்கள். ஆபத்து நெருங்கினால் துண்டால் மெதுவாகப் போர்த்தி எடுத்து, அதே மரத்தின் தாழ்ந்த கிளையிலோ பக்கத்துப் புதரின் மேலோ வைத்துவிட்டு விலகுங்கள். கை பட்டதால் பெற்றோர் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. நகம் கூரியது, துண்டு இல்லாமல் தொடவேண்டாம்.

தூவி மட்டுமே உள்ள குஞ்சு, ரத்தம் தெரியும் குஞ்சு, சிறகு தொங்கும் குஞ்சு என்றால் நிலைமை வேறு. மாஞ்சா நூலில் சிக்கிய பெரிய பறவைக்கும் இதே வழிதான். நூலை இழுக்காதீர்கள், கத்தரித்து விடுங்கள். இழுத்தால் காயம் ஆழமாகும். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டாக, அமைதியான இடத்தில் வையுங்கள். இருட்டில் பறவை அடங்கும். வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாலும் சோறும் வேண்டவே வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் கொடுத்து ஒப்படையுங்கள். பாதுகாக்கப்பட்ட பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது, எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும், குற்றம்.

11. கிளை வெட்டும் காலமும் அடுத்த ஆண்டும்

மழைக்கு முன் கிளை கழிக்கும் வேலை பல ஊர்களில் கோடையில்தான் நடக்கிறது, குஞ்சுகள் கூட்டிலிருக்கும் அதே நேரத்தில். ஆட்கள் ரம்பத்தோடு வந்து நின்ற பிறகு வாதாடுவதில் பயனில்லை. கூடு உறுதியான வாரத்திலேயே பூங்காவைக் கவனிக்கும் மாநகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்: எந்த மரம், எந்த மாதம் வரை தொடவேண்டாம், ஏன். 'மரத்தை வெட்டவே கூடாது' என்று கேட்பதைவிட 'ஜூலை வரை இந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவையுங்கள்' என்று கேட்டால் காரியம் நடக்கிறது.

இளம் பறவைகள் கலைந்ததும் மரத்தடிக்குப் போய்ப் பார்க்கலாம். இறகு, எலும்பு, உமிழ்ந்த உருண்டைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே விட்டுவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட பறவையின் உதிர்ந்த இறகை வைத்திருப்பதும் சட்டச் சிக்கல். கூட்டு மரம், கவட்டையின் உயரம், இரை கைமாறும் கிளை, கடைசியாக எண்ணிய குஞ்சுகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த ஜனவரியில் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய மரத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் காது கொடுத்து நடங்கள். பழைய கூட்டின் மேலேயே கண்ணை வைத்திருக்கவேண்டாம். அதே இணை பக்கத்து மரத்தில் புதிதாகக் கட்டத் தொடங்கியிருக்கலாம். 4ஆம் பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டு வாரம் பிடித்த வேலை இந்த முறை இன்னும் விரைவாக முடியும்.